டீயக்காவின் ரெண்டு ஸ்பூன்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் டீ போடுகிறவளை எல்லோரும் டீயக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்தவரான மேலாளர்கூட அப்படித்தான். மாடிப்படிக்குக் கீழே இருந்த பொந்துதான் அவளுடைய அடுப்படி. கணவர் அதே அலுவலக வாசலில் காவலாளி.

சர்க்கரைத் தட்டுப்பாடு வந்த வருஷம், அலுவலகத்துக்கு மாதம் ஒரு சின்னப் பை மட்டும் அளந்து கொடுத்தார்கள். மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, "ஆளுக்கு அரை ஸ்பூன். எனக்கும் அதேதான். யாருக்கும் சலுகை கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க டீயக்காவுக்கு ஏச்சுதான். "இது டீயா, மருந்தா?" என்றார் தட்டச்சர். கணக்கர் பாதி டம்ளரை அப்படியே திருப்பி அனுப்பினார். போட்டும் திட்டு என்றால் போடாமலே வாங்கிக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் சர்க்கரையே இல்லாமல் கலந்தாள். தட்டச்சரிடம் டம்ளரை நீட்டிக் குனிந்து, "உங்களுக்கு மட்டும் ரெண்டு ஸ்பூன் போட்டிருக்கேன். வெளிய மூச்சு விட்டுடாதீங்க" என்றாள். அவர் ஓரக்கண்ணால் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உறிஞ்சினார். முகம் மலர்ந்தது. கணக்கரிடமும் அதே கிசுகிசு. "நாளைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கங்க, திகட்டுது" என்றார் அவர். மேலாளர் அறையில் மட்டும் சற்றுத் தயங்கினாள். பிறகு துணிந்து அங்கேயும் சொல்லிவிட்டாள். அவர் முறைத்தார், கதவைச் சாத்தச் சொன்னார், குடித்தார்.

மிச்சமான சர்க்கரையெல்லாம் இரண்டே டம்ளரில் இறங்கியது. ஒன்று அவளுக்கு, இன்னொன்று கணவருக்கு.

"என்னடி இது, ஸ்பூனை நட்டா நிக்கும் போலிருக்கே?"

"பேசாம குடிங்க."

ஒரு நாள் காலை மேலாளர் சீக்கிரமே வந்தார். மழை பிடித்துக்கொள்ள, காவலாளிக் கூண்டில் ஒதுங்கினார். டீயக்கா அப்போதுதான் கணவருக்கு டீ கொண்டுவந்து வைத்திருந்தாள். அவள் கண்ணைக் காட்டுவதற்குள் அந்த மனுஷர் மரியாதைக்காக அதைத் தூக்கி நீட்டிவிட்டார்.

மேலாளர் ஒரு மடக்கு குடித்தார். டம்ளரைப் பார்த்தார். டீயக்காவைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு ஸ்பூன்னு சொன்னீங்களே, டீயக்கா."

"சொன்னேன் சார்."

"நானும் இனிக்குதுன்னுல்ல நினைச்சேன்" என்றார் பரிதாபமாக. விசாரணை வைத்தால், கதவைச் சாத்திக்கொண்டு தானும் சலுகை வாங்கியது அம்பலமாகும். தொண்டையைச் செருமிக் குரலைத் தாழ்த்தினார். "நாளையிலேர்ந்து என் டம்ளரும் இங்கேயே வரட்டும்."

மேலாளர் தினமும் வாசலில் நிற்பது யார் தாமதம் என்று பார்க்கத்தான் என்று உள்ளே பேச்சு பரவியது. எல்லோரும் அடித்துப் பிடித்து நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

தட்டுப்பாடு தீர்ந்து சர்க்கரை மூட்டையாக வந்திறங்கிய அன்று, மனசு உறுத்தியதோ என்னவோ, டீயக்கா எல்லோருக்கும் நிஜமாகவே ரெண்டு ஸ்பூன் போட்டு, கிசுகிசு எதுவும் இல்லாமல் நீட்டினாள். தட்டச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டார்.

"என்மேல என்னக்கா கோபம்? முன்ன மாதிரி போட மாட்டேங்கறீங்களே."

அந்த வாரம் முழுக்க அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.