முழுக்கைச் சட்டை

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். அம்மை குத்தும் பயிற்சி முடித்து நான் வேலையில் சேர்ந்த வருடம்தான் நாகர்கோவிலில் பெரியம்மை பரவியது. என் அண்ணன் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் பரிமாறுகிறவர்.

பரிமாறுகிறவர்கள் ஆறு பேர். மாடியறையில் பாய்களை ஒட்டிப் போட்டுப் படுப்பார்கள். முதலில் விழுந்தவர் மயிலாடிக்காரர். பிறகு பாய் வரிசைப்படியே வந்தது. நான்காவது பாய் அண்ணனுடையது. இரண்டு பேர் இறந்தார்கள். ஓட்டலைப் பூட்டினார்கள். சிறுவயதில் குத்தியிருந்ததால் அண்ணனுக்கு லேசாக வந்து போயிற்று. முகம் தப்பியது; முன்கைகளில் மட்டும் தழும்பு.

வீட்டில் கிடந்த நாளெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதான்: மறுபடி பரிமாற விடுவார்களா? மேசைகளுக்கு நடுவே நின்று, "ரெண்டு ரசவடை, ஒரு சுக்குக் காப்பி" என்று அடுக்களையைப் பார்த்து அவர் இழுத்துச் சொல்வது ரோடு வரை கேட்கும். வேறு வேலை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

ஓட்டல் திறந்தபோது முதலாளி, முழுக்கைச் சட்டை போட்டு வரட்டும், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்தது பிறகு தெரிந்தால் சந்தேகம் கூடும் என்றேன். வந்து போனவருக்கு மறுபடி வராது, அந்த ஓட்டலிலேயே பயமில்லாத கை அண்ணனுடையதுதான் என்றும் விளக்கினேன். ஒரு தாளில் வரிசையாக எழுதினேன்: படுத்த நாள், தழும்பு உள்ள இடங்கள், கடைசிப் பொருக்கு உதிர்ந்த நாள், தொற்று இல்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வாசலருகே மாட்டினார். அண்ணன் அரைக்கைச் சட்டையோடு போனார்.

நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் தாளைப் படித்தார்கள். கடைசி வரிக்கு வருமுன்பே பலர் திரும்பிப் போனார்கள். தினமும் வருகிற தேங்காய் வியாபாரி உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆனால் அண்ணன் வைத்த தட்டைத் திருப்பி அண்ணன் பக்கமே தள்ளினார்.

"கடுதாசி இருந்தா ஆச்சா வே? நான் பிள்ளகுட்டி உள்ளவன்."

"கடுதாசிய வேணும்னா எடுத்துட்டு வாறேன், ரசவடைக்குத் தொட்டுக்கிடும்" என்றார் அண்ணன். எப்போதும் அவர் பேச்சுக்குச் சிரிக்கிற மேசைதான். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் சட்டத்தைக் கழற்றினார்கள். அதற்குள் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி எந்தச் சட்டையும் உதவாது. முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. பின்கட்டில் வெந்நீர் அடுப்புக்கு மாற்றினார். அங்கே குரல் கொடுக்க ஒன்றும் இல்லை. வீட்டிலும் பேச்சு குறைந்தது.

அண்ணன் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுக்குச் சோறு போட்டால் வட்டிலைத் தரையில் வைத்து, விரல் நுனியால் தள்ளிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நிற்பார்.

"ஒண்ணும் ஒட்டாது அண்ணா. நாந்தானே எழுதித் தந்தேன்."

"நீ எழுதினதெல்லாம் சரிதான் மக்கா. கைதான் கேக்கல்ல."



ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். குழந்தையிடம் தண்ணீர் கேட்டேன். செம்பைத் தரையில் வைத்தாள். விரல் நுனியால் என் பக்கம் தள்ளினாள். பிறகு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.