கண்ணாடிக்குள் போன பெட்டி

எங்கள் பெரிய சாகிப் காலமான பிறகு அவருக்கு நினைவு மண்டபம் கட்டினார்கள். கட்டட்டும். கூலர், கீசர், ஏசி என்று வெயிலுக்கும் குளிருக்கும் புதிதாக எதையாவது செய்துகொண்டே இருந்த மனிதர். அவருடைய தொழிற்சாலையில் ஃபிட்டராக வேலை பார்த்துத்தான் தில்லி ஜனக்புரியில் இந்த வீட்டை வாங்கினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். என் ஆத்திரம் மண்டபத்தின் மேல் இல்லை, அதற்குள் கொண்டுபோய் வைத்ததைப் பற்றித்தான்.

சாகிப்பிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது மாதிரி எதுவானாலும், கடைக்குப் போகுமுன் ஒரு தொழிலாளி வீட்டில் ஒரு வருஷம் ஓடவேண்டும். சோதனை அறையில் கதவு சாத்தியிருக்கும், வீட்டில் யாரய்யா கதவைச் சாத்துகிறார்கள் என்பார். குக்கர் ஆவி, சாம்பிராணிப் புகை, ஏறி இறங்கும் கரண்ட், இத்தனையும் தாங்கினால்தான் அது மெஷின். பல மாதிரிகள் எங்கள் வீட்டில் ஓடியிருக்கின்றன. நடுவில் அவரே பார்க்க வருவார். செருப்பை வாசலில் விட்டு, பூஜை அலமாரிக்கு ஒரு கும்பிடு போட்டு, கட்டிலோரம் உட்காருவார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். என் மனைவியிடம்தான் கேட்பார்.

"பெஹன்ஜி, ராத் கோ நீந்த் ஆயீ?"

ராத்திரி தூங்கினாயா என்று. அவளும் தனக்குத் தெரிந்த இந்தியில், "நீந்த் ஆயா சாப், லேகின் கடகடன்னு சத்தம் பஹுத்" என்பாள். தூக்கம் வந்தது, ஆனால் சத்தம் அதிகம் என்று. அவர் சிரிக்கமாட்டார். அடுத்த வாரம் ஆள் வந்து சத்தத்தைச் சரிசெய்துவிட்டுப் போவான்.

கடைசியாக அவர் செய்தது, வெயில் காலத்தில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் சூடும் தருகிற ஒரே பெட்டி. சின்ன வீட்டு வயரிங்கிலேயே ஓடும். எங்கள் வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார். லாபம் வராது என்று மகன்கள் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். பெட்டி எங்களிடமே தங்கியது. என் மனைவிக்கு மூச்சுத்திணறல். தில்லிக் குளிரில், வெளியே நிற்கும் புகையில், ஜன்னலைத் திறக்க முடியாது. கம்பி ஹீட்டர் போட்டால் தொண்டை வறண்டு இருமல் நிற்காது. இந்தப் பெட்டி வந்த பிறகுதான் குளிர்காலத்தில் அவள் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினாள்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து ஓர் இளம் மேனேஜர் வந்தார். தமிழ்ப் பிள்ளைதான், தில்லியில் பிறந்தவர்.

"அங்கிள், இது சாப்போட லாஸ்ட் மெஷின். மண்டபத்துல சென்டர்ல வைக்கப் போறோம். நீங்க ப்ரவுடா இருக்கணும்."

"தம்பி, வீட்ல அவளுக்கு மூச்சு வாங்குது. தை போகட்டும், மாசியில எடுத்துக்கிடுங்க."

"ஓபனிங் இந்த சண்டே, அங்கிள். புது ஏசி ஃப்ரீயா தர்றோம், டாப் மாடல், ஹீட்டும் வரும்." பிறகு குனிந்து பார்த்து, "இது என்ன எல்லோவா?" என்றார்.

"ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனம்."

"துடைச்சிடலாம். ஒரிஜினல் லுக் வேணும்ல?"

கம்பெனிச் சொத்து. நான் எப்படி மறுப்பேன்? சோதனைப் பெட்டியைத் திரும்ப எடுப்பது பழைய வழக்கம்தான். ஆனால் அப்போது அது பட்டறைக்குப் போகும். பிரித்துப் பார்த்து, குறை தீர்த்து, ஊரில் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

"கொடுத்து விடுங்க. அவுக பேரு நிக்கட்டும்" என்றாள் மனைவி, இருமிக்கொண்டே.

புது ஏசி வந்தது. போட்டவுடன் மெயின் ஸ்விட்ச் விழுந்து கரண்ட் போனது. மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்கவேண்டும், லோடு கூட்ட மின்சார ஆபீசில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றான் எலக்ட்ரீஷியன்.

"கப் தக், பையா?"

"ஹோ ஜாயேகா, அங்கிள்."

ஆகிவிடுமாம். எப்போது என்று மட்டும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பெட்டி பளபளவென்று நின்றது. மேலே ரோஜா மாலை. மேடையில் ஆளுக்கு ஆள் அவர் பெருமையைப் பேசினார்கள். சாகிப்பின் மூத்த மகன் என் கையைப் பிடித்து, நீங்கள் எங்கள் குடும்பம் என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"சாப், இஸ்கோ சலாயியே" என்றேன். இதை ஓட்டுங்கள், வந்தவர்கள் கையை நீட்டிச் சூட்டைப் பார்க்கட்டும், பார்த்தால் வேண்டும் என்று கேட்பார்கள் என்று என் இந்தியில் சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தார். அந்தச் சுவர் முழுக்க ஒரு பிளக் பாயின்ட்கூட இல்லை.

"ஷோவுக்குத்தானே, அங்கிள்" என்றார் மேனேஜர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "அங்க ஓடுதா?"

"ஓடல."

"பின்ன எதுக்குத் தூக்கிட்டுப் போனாகளாம்?"

மறுநாள் காலை முருகன் சந்நிதியில் நின்றேன். சாகிப்புக்கு நல்ல கதி கொடு, இவளுக்கு மூச்சைக் கொடு என்று கேட்டேன். அவர் பிள்ளைகளுக்கும் நன்மை செய் என்று கேட்பதுதான் முறை. அன்று எனக்கு வாய் வரவில்லை.