திருப்பதியில் வாங்கிய கிளாரினெட்

எழுபதுகளில் சித்தூரில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்துவந்தேன். என்னுடையது விரிசல் விட்டுவிட்டது. திருப்பதியில் காலமான ஒரு கலைஞரின் கிளாரினெட் விலைக்கு வருவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். விலையைக் குறைக்க எங்கள் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு: வேண்டுமென்றே அபஸ்வரமாக ஊதுவது. அப்படியே ஊதி, "சத்தமே சரியில்லம்மா" என்று உதட்டைப் பிதுக்கினேன்.

அந்தக் கலைஞரின் மனைவி கோபப்படவில்லை. "ரீடு காஞ்சி கீதுண்ணா. அவரு ஊற வச்சிக்கினுதான் ஊதுவாரு" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

வெட்கத்தோடு, ஊதும் முனையில் பொருத்தியிருந்த அந்த நாணல் பட்டையை, ரீடை, நனைத்து, ஒழுங்காக வாசித்தேன். அந்தம்மா கதவைப் பிடித்தபடி கேட்டார். "இன்னொருவாட்டி ஊதுங்கண்ணா. எட்டு மாசமா வூடு சத்தமில்லாம கெடந்துச்சி" என்றார்.

கேட்ட விலையைக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பழைய வாத்தியம் வாங்கப் போனால், அந்த வீட்டார் கேட்க முதலில் ஒரு முழுப் பாட்டு வாசித்துவிடுகிறேன். அதன்பிறகு பேரம் பேச மனசு வருவதில்லை.