கடைசிக் காட்சியை முதலில் எடுத்தோம்

முப்பது வயதைத் தாண்டித்தான் சினிமா படிக்கப் போனேன். அதுவரை ஈப்போவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். "எவன் எவனோ தாலி கட்டுறதையே எடுத்துக்கிட்டு இருக்கியே, உனக்கு அலுக்கலையா லா?" என்று ஒரு பந்தியில் யாரோ கேட்டது மனதில் கிடந்து குடைந்தது. அதனால் போனேன்.

போன இடத்தில் சினிமா வரலாறும் கோட்பாடும் என்னைப் போட்டு மிதித்தன. காமிராவைத் தொடும் வகுப்பில் மட்டும்தான் மூச்சு விட்டேன். அதற்கும் ஆபத்து வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பருவத்தில் இறுதியாண்டுக் குறும்படத்தைக் கொடுக்க முடியவில்லை. இன்னொரு முறை தவறினால் பட்டம் இல்லை, மறுவாய்ப்பும் இல்லை என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிட்டு வந்தவன். திரும்பிப் போனால் எந்த முகத்தோடு போவது?

படத்துக்கான பெண்மணியை ஆயர் தாவார் பக்கம் கண்டுபிடித்தேன். முன்பு ரப்பர் தோட்டம், இப்போது கண்ணுக்கு எட்டியவரை செம்பனை. தொழிலாளர்களின் பழைய லயத்து வரிசை வீடுகளில் சில குடும்பங்கள்தான் மிச்சம். அங்கே ஓர் அக்கா, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இடுப்பைத் தாண்டிய முடி. காலையில் வாசற்படியில் உட்கார்ந்து சீவிக் கொண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பார். அதுதான் என் படம்: ஒரு பெண்ணின் ஒரே ஒரு நாள். காலையில் போடும் கொண்டை மாலையில் அவிழும். வசனம் கிடையாது.

"என் மூஞ்சியவா எடுக்கப் போற? எங்க வீட்டுக்காரரே நிமிந்து பாக்கிறதில்ல!" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

அவருடைய ஷிப்டுக்குத் தோதாக மாலைக் காட்சியை முதலில் எடுத்தோம். வேலை முடிந்து வருகிறார், படியில் உட்கார்கிறார், கொண்டையை அவிழ்க்கிறார், முடி முதுகில் சரிகிறது. ஒலிப்பதிவு செய்த என் வகுப்புத் தோழி, ஒரு மலாய்ப் பெண், தன்னை மறந்து கைதட்டிவிட்டாள். எல்லோருமாக மீ கோரெங் சாப்பிட்டோம். கிளம்பும்போது, "இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு, வேண்டிக்கங்க அக்கா" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே வேண்டியாச்சு தம்பி."

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் காலைக் காட்சி எடுக்கப் போனோம். கதவைத் திறந்தார். மொட்டைத் தலை, அதில் காய்ந்த சந்தனம்.

"வா தம்பி, வடை சுட்டு வச்சிருக்கேன். படத்தக் காட்டத்தானே வந்தீங்க?"

"அலாமாக்!" என்றாள் தோழி.

அக்காவே விளக்கினார். "படம் நல்லபடியா முடிஞ்சா முடி எறக்குறேன்னு உனக்காக வேண்டியிருந்தேன். அதான் படத்துல வர்றவ வீட்டுக்கு வந்து கொண்டைய அவுத்துட்டாளே. நீங்களும் கைதட்டி, சாப்பிட்டுப் போனீங்க. நேத்து ஈப்போ குகைக்கோயில்ல மொட்டை போட்டுட்டு வந்தேன். மனசு நெறஞ்சிருக்கு லா."

முடிவை முதலில் எடுப்பது எங்களுக்கு எவ்வளவு சாதாரணம் என்றால், அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. எந்த மனிதர் ஒரு கதையை முடிவிலிருந்து தொடங்குவார்?

வெள்ளிக்கிழமை படத்தை ஒப்படைக்க வேண்டும். ஈப்போவுக்கு ஓடினேன். நடன உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு டோப்பா கிடைத்தது. மறுநாள் காலை அதை அக்காவுக்கு மாட்டிப் பார்த்தோம். காமிராவில் அது காக்கைக் கூடு போல உட்கார்ந்திருந்தது. காற்று வந்தபோதெல்லாம் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு காமிராத் திரையில் தன்னைப் பார்த்தார். அப்போதுதான் எல்லாம் அவருக்குப் புரிந்தது.

"நான் உன் பொழப்பக் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத." டோப்பாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு முடி வளந்துரும். உனக்கு இன்னொரு தடவ குடுக்க மாட்டாங்களே."

உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. அழுகையை மறைக்க எனக்கும் அப்படி ஒரு குழாய் தேவைப்பட்டது. செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து, எடுத்து வைத்திருந்த அந்த ஒரே மாலையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முடி சரிகிறது. மறுபடி சரிகிறது. எனக்கு முடி வளந்துரும் என்று அவர் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் தோற்றுப்போன கோட்பாட்டுத் தாளில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால், நடுவில் நடந்ததைப் பார்ப்பவர் மனமே இட்டு நிரப்பிக்கொள்ளும் என்பார்கள். முதலில் மொட்டை. கடைசியில் இடுப்பைத் தாண்டிய முடி. நடுவில் ஒரு நாள் இல்லை, ஆண்டுகள். நம்பிக்கையோடு எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கையில் வேறு எதுவும் இல்லை.

"அக்கா, டோப்பா வேணாம். சீப்போட வந்து உக்காருங்க."

"மொட்டத் தலைக்குச் சீப்பா? பாக்கிறவங்க சிரிப்பாங்க லா."

உட்கார்ந்தார். பஸ் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டையை அள்ளப் பழக்கத்தில் கை பிடரிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை அப்படியே காற்றில் நின்றது. காமிராவை நிறுத்த மறந்துபோனேன்.

படத்தைத் திரையிட்ட அன்று அக்கா விடுப்புப் போட்டுவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்தது. விரிவுரையாளர் மலாயில் கேட்டார்: "ஒரு நாள் கதை என்றுதானே எழுதிக் கொடுத்தாய்? இது திட்டமிட்டுச் செய்ததா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "இல்லைங்க. நான் மொட்டை போட்டேன், படம் கெட்டுப்போச்சு. இவர் மேல தப்பு இல்ல" என்றார், அவரும் மலாயில்.

நூலிழையில் தேறினேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த அறையில் எங்களுக்குத் தெரியாது. விரிவுரையாளர் விளக்கை மறுபடியும் அணைக்கச் சொன்னார்.

"ஏன் தம்பி திரும்பப் போடுறாங்க? பெயிலா?"

"தெரியலக்கா."

இருட்டில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரையில் அவர் கை பிடரியைத் தேடிப் போனது.