ஆட்டை ஒரு பக்கம் தள்ளிக் கட்டினேன்

"பாட்டு எடுபடல மேடம். இந்தப் புக்க விட்ருவோம்."

தல்லாகுளத்தில் எங்கள் பதிப்பக முதலாளி இப்படிச் சொன்னபோது ஜெயந்தி என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதிய முதல் புத்தகம் அது. ஏழு விடுகதைப் பாட்டு, ஏழு படம், பதினாறு பக்கம். சிறுவர் நூல் எடிட்டராக நான்தான் தேர்ந்தெடுத்திருந்தேன்.

முதலாளி சும்மா சொல்லவில்லை. அச்சுக்குப் போகுமுன் டம்மியை, அதாவது பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்த மாதிரிப் புத்தகத்தை, ஏதாவது ஓர் அங்கன்வாடிக்கு எடுத்துப் போவது என் வழக்கம். நான் வாசிக்க மாட்டேன். எழுதியவரையும் வாசிக்க விடமாட்டேன். ராகம் போட்டு எந்தக் குப்பையையும் நாங்கள் கரையேற்றிவிடுவோம். அதுவரை புத்தகத்தைப் பார்த்திராத டீச்சர் வாசிக்க வேண்டும். அவர் நாக்கு இடறுகிற இடத்தில் சந்தம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த முறை போன பழங்காநத்தம் அங்கன்வாடியின் டீச்சர் ஜெயந்தியின் பாட்டில் ஓரிடத்திலும் இடறவில்லை. ஆனால் பிள்ளைகள் அசைந்து கொடுக்கவில்லை. ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் சடையைப் பிரித்துப் பின்ன ஆரம்பித்துவிட்டாள். கூட வந்திருந்த முதலாளி அதையெல்லாம் பார்த்துவிட்டார்.

அவர் எழுந்து போனதும் ஜெயந்தி சொன்னாள்: "எங்க வீட்ல சௌராஷ்ட்ரா பேசுவோம்க்கா. 'உனக்கெதுக்கு தமிழ்ப் பாட்டு'ன்னு எங்க நாத்தனார் அன்னைக்கே கேட்டாங்க. இப்ப புக்கு வரலைன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. பாட்டு நல்ல பாட்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டம்மியை விரித்தேன். இடது பக்கத்தில் முதல் பாட்டு:

கீரைக் கட்டைக் காணோம், தேடு!
கிழக்கே மேற்கே எங்கும் ஓடு!
தாடி ஆட்டி மெல்லுது யாரு?
சந்தைக்கு வந்த வெள்ளை ஆடு!

வலது பக்கத்தில் ஜம்மென்று ஆடு நின்றது. பாட்டும் படமும் எதிரெதிரே இருப்பதுதான் எங்கள் ஆபீஸ் லேஅவுட். டீச்சர் "காணோம், தேடு" என்று வாசிக்கும்போதே ஆடு கீரையோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்புறம் எதைத் தேடுவது?

கத்தரிக்கோலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்த பதிப்பு விவரத்தை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். மற்றதெல்லாம் ஒரு பக்கம் தள்ளிப் போயிற்று. பாட்டு வலது பக்கத்துக்கு வந்தது, புரட்டினால்தான் படம். ஒவ்வொரு பாட்டின் கடைசிச் சொல்லையும் வெட்டிப் படத்தின் பக்கத்தில் ஒட்டினேன். பதினாறு பக்கம் பதினாறாகவே இருந்தது.

"அதே பாட்டுதான மேடம்?" என்றார் முதலாளி.

"அதேதாண்ணே. ஒரு சொல்லு மாத்தல. ஒரே ஒருக்கா வாங்க. இதுவும் எடுபடலைன்னா இனிமே எந்தப் புக்கையும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன்." வீம்பாகத்தான் சொன்னேன்.

பழங்காநத்தம் பிள்ளைகளுக்கு விடை தெரிந்துவிட்டதால் மேலூருக்குப் போனோம். அங்கிருந்த டீச்சர் வாசித்தார். "சந்தைக்கு வந்த வெள்ளை…" அவ்வளவுதான், பக்கம் முடிந்துவிட்டது. அவரும் நின்றார்.

"கழுதை!" என்றான் ஒருவன். "மாடு!" என்றான் இன்னொருவன்.

"மாட்டுக்கு எங்கடா தாடி இருக்கு? ஆடு!" என்றாள் முன்னால் இருந்த ஒரு வாண்டு. டீச்சர் புரட்டினார். ஆட்டைக் கண்டதும் எழுந்த கூச்சலில் என் காது அடைத்துக்கொண்டது. மூன்றாம் பாட்டில் முதலாளியே தன்னை மறந்து "தவளை!" என்று கத்தினார். புரட்டினால் ஆமை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அச்சுக்கு அனுப்பிருங்க மேடம்," என்றார் அவர், அசடு வழிந்துகொண்டே.

இப்போது யாருடைய டம்மி வந்தாலும் அவர் முதலில் கேட்பது, "திருப்புற எடம் எங்க?" என்பதைத்தான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானும் அதையே சொல்கிறேன். பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. படம் கண்ணில் படுமுன் சொல் பிள்ளையின் வாய்க்கு வந்திருக்க வேண்டும்.

புத்தகம் வந்த வாரம் ஜெயந்தி போனில் கூப்பிட்டாள். பின்னால் ஒரு குழந்தை கத்துவது கேட்டது.

"கேக்குதாக்கா? எங்க நாத்தனார் மகன்தான். பக்கத்த அவங்க கையால அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. சொன்னாத்தான் திருப்புவாங்களாம்."