மேல்துணியின் உட்புறம்

சர்வதேசக் கோப்பைகள் மூன்று. அதில் ஒன்று, முறிந்த சுண்டுவிரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாங்கியது. ஒரு காது கேட்காதவளுக்கு விசில் எப்படிக் கேட்கும் என்று பள்ளி அணியே கழித்துவிட்ட பிறகு, நாட்டு அணியில் பதினோரு வருடம். ஒரே ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு கோல். கடைசியாக, ஒற்றைக் காலில் நின்று போட்ட ஒன்று.

தங்கையைப் பற்றிய இத்தனையும் அக்காவுக்கு மனப்பாடம். தங்கையின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் 'கொக்கு' என்றார்கள். வலைப்பந்தில் வளையத்தின் கீழ் நின்று கோல் போடுகிறவளுக்கு அதைவிட நல்ல பட்டம் ஏது என்பாள் அக்கா.

அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் ஒரு மடிப்பு பிசகாது. அணியின் துணிகள் அவள் கைக்குத்தான் வரும். அவற்றில், கோல் போடுகிறவள் சட்டைக்கு மேல் அணியும், ஆடும் இடத்தின் எழுத்தை மார்பில் தைத்த மேல்துணி மட்டும் பழையது. விளையாட்டை விட்டுப் போகிறவள், கடைசி ஆட்டம் முடிந்ததும் அதன் உட்புறம் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டுப் போவது வழக்கம். நான்கு பேர் போட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று, கொக்கு எங்கேயும் போடமாட்டாள். பாஸ்போர்ட்டில்கூட எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதி, இது கையெழுத்தா, கடை போர்டா என்று அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

உலகப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது, அந்த மேல்துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி தேய்த்த அக்காவின் கை நின்றது. நான்கு பெயர்களுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று, சூட்டில் கிளம்பிய கறைபோல. சேர்த்து, சாய்த்து எழுதிய தங்கையின் பெயர்.

வெளுக்கும் மருந்தில் ஊறப்போட்டாள். மற்ற நான்கும் மங்கின. அது மட்டும் கறுத்தது. அடுத்த வாரம் அதன் கீழே 17 என்று தெரிந்தது. அதற்கடுத்த வாரம், ஆகஸ்ட். உலகப் போட்டியின் அரையிறுதி அன்றுதான்.

தங்கையிடம் காட்டினாள். கொக்கு துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது என் கையெழுத்து இல்லக்கா.”

“எப்படிச் சொல்ற?”

“எனக்குத்தான் கையெழுத்தே கிடையாதே.”

அவள் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“இதை நீ போட்டுக்காத. நான் புதுசு தைச்சுத் தரேன்.”

மூன்று நாளில் தைத்தாள். பழையதை மடித்துத் தன் பைக்கு அடியில் வைத்துக்கொண்டு, துணிப் பொறுப்புக்கென்று அணியோடு அவளும் போனாள்.

அரையிறுதியில் கொக்கு புதியதைத்தான் அணிந்திருந்தாள். கடைசி நிமிடம், இரு பக்கமும் சமம். எம்பிப் பந்தைப் பிடித்து இறங்கியபோது முழங்கால் திரும்பிய சத்தம், ஆடுகள ஓரத்து வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கே கேட்டது. மூன்று நொடிக்குமேல் பந்து கையில் இருக்கக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று, இரண்டாவது நொடியில் போட்டாள். வளையத்துக்குள் விழுந்தது. அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. அவள் ஸ்ட்ரெச்சரில் போனாள்.

உடை மாற்றும் அறையில் மருத்துவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, இனி ஆட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

“பேனா இருக்காக்கா?” என்றாள் கொக்கு.

புதிய மேல்துணியைக் கழற்றித் திருப்பி, மடியில் விரித்து, கை நிற்காமல் எழுதினாள். சேர்த்து, சாய்த்து. அவள் கை அப்படி ஒருநாளும் பழகியதில்லை.

அக்கா பைக்கு அடியிலிருந்து பழையதை எடுத்தாள். உட்புறம் நான்கு பெயர்கள்தான் இருந்தன. ஐந்தாவது இருந்த இடம், இப்போதுதான் இஸ்திரிப்பெட்டியை எடுத்ததுபோல் சுட்டது.

தங்கையின் மடியில் மை இன்னும் காயவில்லை. 17 ஆகஸ்ட் 2013.