ஒரே வண்டியில் வாதியும் பிரதிவாதியும்

வழக்குப் போட்டவரையும் வழக்கில் அகப்பட்டவரையும் ஒரே மாட்டுவண்டி நீதிமன்றத்துக்கு ஏற்றிப் போனது என்றால் இப்போது யார் நம்புகிறார்கள்? வழக்கு கூப்பிட்ட ஐந்து தவணைக்கும் அந்த வண்டியில் போனவன் நான். குருவிட்டைக்கு ரயில் வராத காலம். எங்கள் கடைவீதியில், நீதிமன்றம் இருந்த இரத்தினபுரிக்கு வாடகை வண்டி ஓட்டியவர் என் அண்ணன் ஒருவர்தான்.

பாக்கு வியாபாரம் செய்த முஸ்லிம் முதலாளி, அவிசாவளை ரயிலடிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பதினெட்டு மூட்டைப் பாக்கை அண்ணனின் வண்டியில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் மழை. ஏழு மூட்டை பூஞ்சணம் பிடித்துவிட்டது. மூட்டைகளை மூடும் படங்கைச் சரியாகக் கட்டவில்லை என்று வழக்குப் போட்டார் முதலாளி. ஏற்றும்போதே பாக்கு ஈரம் என்றார் அண்ணன். தோற்றால் மாடுகள் இரண்டையும் விற்றுத்தான் ஈடு கட்ட வேண்டும். தோட்டத்தில் கிளார்க்காக இருந்த நான் அண்ணனுக்குத் துணையாக லீவு எடுத்துக்கொண்டு போவேன்.

வண்டிக்குள் சண்டை கிடையாது.

“ஒங்கட வக்கீல் இன்டைக்கி என்ன கேப்பாரு?” என்பார் முதலாளி.

“அத சொன்னா அவரு என்னைய கொன்னுருவாரு மொதலாளி. வெத்தல இருக்கா?” என்பார் அண்ணன்.

ஒரே பெட்டியிலிருந்து மூவரும் வெற்றிலையும் புகையிலையும் போடுவோம். அந்தப் புகையிலையின் வாசம் இன்னும் மறக்கவில்லை.

ஐந்தாம் தவணைதான் விசாரணை. மூன்று மைல் மிச்சமிருக்கும்போது ஒரு மாடு லாடம் கழன்று நொண்டியது. முதலாளிக்கு முழங்கால் வீக்கம், நடக்க முடியாது. நான் அண்ணனைத் தனியே இழுத்தேன்.

“நீங்க மட்டும் நடந்து போங்கண்ணே. அவரு வராட்டி கேஸ் தள்ளுபடி. மாடு நம்ம கையில நிக்கும்.”

“கூலி குடுத்து ஏறின மனுசன நடுரோட்டுல விட்டுட்டா? போடா.”

முதலாளியின் காதில் விழுந்துவிட்டது. “தம்பி செல்ற கதை சரிதான். நீங்க போங்களேன்” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அண்ணன் போகவில்லை. நொண்டும் மாட்டின் நடைக்கே வண்டியை விட்டார். நான் மைல்கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு பெயரையும் மூன்று தடவை கூப்பிட்டார்களாம். இருவரும் இல்லையென்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் வழக்குப் போடலாம் என்று முதலாளியின் வக்கீல் அவசரப்பட்டார். முதலாளி துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வேணாம் சேர். இவரு பிந்தினது என்னாலதான். அதுக்குப் பொறகு இவர்ட மாட்ட விக்கச் சொல்லி நான் எந்த மொகத்தோட கேக்கிய?”

மாட்டை லாடம் அடிக்க விட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். அண்ணன் தேநீரைத் தொடாமல் லாடம் அடிபடும் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதைப் பார்க்காதவர்போல, அடுத்த கிழமை அண்ணனின் வண்டியில் ஏற்ற எத்தனை மூட்டைப் பாக்கு தேறும் என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.